முனிசிபியோ: நகரமே இல்லாத நகராட்சி

மெக்சிகோவின் ஓர் ஊரைப் பற்றித் தமிழில் எழுதும்போது, அங்குள்ள உள்ளாட்சி அமைப்பைக் குறிக்கும் 'முனிசிபியோ' என்ற ஸ்பானியச் சொல்லுக்கு 'நகராட்சி' என்று போட்டுவிடத்தான் கை போகும். முனிசிபாலிட்டி நகராட்சி என்றால் இதுவும் அதுதானே? குவேலத்தாவோவுக்குப் போனால் இந்தக் கணக்கு உதைக்கும்.

வஹாக்கா மாநிலத்தின் வடக்கு மலைத்தொடரில் பைன், ஓக் காடுகளுக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் சபோடெக் மக்களின் ஊர் அது. (மலைத்தொடருக்கு ஸ்பானியத்தில் 'சியெர்ரா' என்று பெயர், ரம்பம் என்று பொருள். அங்குள்ள முகடுகளைப் பார்த்தால் பொருத்தம் தெரியும்.) மக்கள்தொகை சில நூறுதான். பின்னாளில் மெக்சிகோவின் குடியரசுத் தலைவரான பெனிட்டோ ஹுவாரெஸ் 1806-இல் இங்கேதான் பிறந்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், 12 வயதில் மலையிறங்கி வஹாக்கா நகரத்துக்கு நடந்தே போனார். அந்தச் சின்ன ஊர் ஒரு முழு முனிசிபியோ. இதை நகராட்சி என்றால் நகரம் எங்கே என்று கேட்பார்கள்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'முனுஸ்' என்றால் கடமை, கொடை. 'கபேரே' என்றால் எடுத்துக்கொள்ளுதல். ரோமுக்குரிய கடமைகளை ஏற்றுக்கொண்ட ஊர் 'முனிசிபியும்'. நகரம் என்ற பொருள் அந்த வேரில் இல்லவே இல்லை. நோயெதிர்ப்பைக் குறிக்கும் 'இம்யூனிட்டி'யும் இதன் பங்காளிதான்: கடமையிலிருந்து விலக்குப் பெற்றவன் என்ற பொருளில் தொடங்கிய சொல்.

மெக்சிகோவுக்கு இது வந்த விதமே ஒரு தந்திரக் கதை. கியூபா ஆளுநரின் பிடியிலிருந்து நழுவ நினைத்த ஸ்பானியப் படைத்தலைவர் கோர்ட்டெஸ், 1519-இல் வெராக்ரூஸ் என்ற ஊரை நிறுவி அதற்கு ஓர் ஊர் மன்றத்தை அமைத்தார். அந்த மன்றமே அவருக்கு அதிகாரம் வழங்கியது! பிறகு ஸ்பெயினின் 1812-ஆம் ஆண்டு காதிஸ் அரசியலமைப்பு, சுற்றுப்புறத்தையும் சேர்த்து ஆயிரம் பேர் இருந்தால் மன்றம் வேண்டும் என்றது. மலைமடிப்புக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்த வஹாக்கா ஊர்கள் தங்கள் ஆட்சியைத் தாங்களே வைத்துக்கொண்டன. இன்று நாட்டில் சுமார் 2,470 முனிசிபியோக்கள். வஹாக்காவில் மட்டும் 570. 1917 அரசியலமைப்பின் 115-ஆம் பிரிவு முனிசிபியோவை மாநில ஆட்சியின் அடித்தளமாக்கியது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். வஹாக்கா மலையூர்களில் பெரும்பாலானவை, கட்சி இல்லாமல் ஊர்க்கூட்டத்தில் ஆள் தேர்ந்தெடுக்கின்றன. பதவிக்கு 'கார்கோ' என்று பெயர். சுமை என்றும் பொருள். பல ஊர்களில் அதற்குச் சம்பளம் கிடையாது. தொடக்கம் 'தொப்பில்' என்ற ஏவலாள் வேலை. மெக்சிகோவின் பழங்குடி மொழிகளில் ஒன்றான 'நாவாட்டில்' மொழியில் கோலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். நம் ஊர்த் தலையாரி என்று வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து படிப்படியாக ஏறித் தலைவராக வேண்டும். சாலை வெட்ட, பள்ளிச் சுவர் எழுப்ப எல்லாரும் கூலியில்லாமல் உழைப்பது 'தெக்கியோ'. இதற்குக் குடிமராமத்து என்ற நம் சொல் அச்சாகப் பொருந்துகிறது. இலங்கையில் சிரமதானம் என்பார்கள். ஆக, 'கடமையை ஏற்றுக்கொண்ட ஊர்' என்ற லத்தீன் பொருள் ரோமை ஒருநாளும் பார்க்காத சபோடெக் மலையில் உயிரோடு இருக்கிறது.

சரி, தமிழில் என்ன எழுதுவது? குவேலத்தாவோ போன்றவற்றுக்கு 'ஊராட்சி' போதும். ஆனால் குவாதலஹாரா மாநகரமும் ஒரு முனிசிபியோதான். அங்கே ஊராட்சி என்றால் சிரிப்பார்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக 'உள்ளாட்சி வட்டாரம்' என்பது என் தேர்வு. 'வட்டம்' வேண்டாம், தாலுகா என்று நினைத்துவிடுவார்கள். அப்புறம், முனிசிபியோவின் தலைமை ஊர் 'கபெசெரா'. அது 'தலை' என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்பதால் 'தலையூர்' என்று எழுதிவிடலாம்.