முதல் மூன்று நிமிடம் ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது?

ஓடலாம் என்று முடிவெடுத்து, ஷூ வாங்கி, அலாரம் வைத்து எழுந்து போய், 200 மீட்டர் தாண்டுவதற்குள் மூச்சு முட்டி நின்றுவிடுபவர்கள் நிறையப் பேர். "நமக்கு ஸ்டாமினா கிடையாது", "இந்த வயசுக்கு மேல இதெல்லாம் ஆகாது" என்று தங்களுக்குத் தாங்களே தீர்ப்பு சொல்லிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அந்தத் தீர்ப்பு தவறு. அந்த 200 மீட்டரில் உடம்புக்குள் நடப்பது எல்லோருக்கும் நடப்பதுதான், பல வருடம் ஓடியவர்களுக்கும்கூட.

நின்றுகொண்டிருந்தவர் ஓடத் தொடங்கியதுமே கால் தசைகளுக்குப் பல மடங்கு கூடுதல் ஆற்றல் தேவைப்படுகிறது. தேவை உடனே ஏறிவிடுகிறது. ஆக்சிஜன் வரத்து அப்படி ஏறுவதில்லை. இதயம் வேகம் பிடிக்க வேண்டும், வயிற்றுக்கும் குடலுக்கும் போய்க்கொண்டிருந்த ரத்தம் காலுக்குத் திரும்ப வேண்டும், தசை செல்களுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் முழு வேலைக்கு வர வேண்டும். விறகடுப்பு பற்றிக்கொள்ள நேரமெடுப்பதுபோல, இதற்கெல்லாம் 2 அல்லது 3 நிமிடம் ஆகும். அதுவரை தசை கையிருப்பை வைத்துச் சமாளிக்கிறது. முதலில், தசையிலேயே சேமித்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற உடனடி எரிபொருள். அது ஏறக்குறைய 10 நொடிக்குத் தாங்கும். அப்புறம், ஆக்சிஜனுக்குக் காத்திருக்காமல் சர்க்கரையை வேக வேகமாக உடைப்பது. வேகமாக ஓட ஓட, இந்த வழியில் ரத்தத்தின் அமிலத்தன்மையும் கார்பன் டை ஆக்சைடும் கூடுகின்றன. மூளைத்தண்டு அதைக் கண்டுகொண்டு மூச்சை விரட்டுகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆரோக்கியமான ஒருவருக்கு அப்போதும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். 'காற்று போதவில்லை' என்று தோன்றினாலும், உடம்பு உண்மையில் அவசரப்படுவது கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளுவதற்குத்தான். நுரையீரல் பழுதில்லை. ஓடிய வேகம்தான் அதிகம்.

இந்தத் தொடக்கப் பற்றாக்குறையை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஆங்கிலேய உடலியங்கியல் அறிஞர் ஏ.வி. ஹில். தசைகள் வெப்பத்தை உண்டாக்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 1922-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். மான்செஸ்டரில் அவர் தாமே முதுகில் பை கட்டிக்கொண்டு புல்தரையில் ஓடி, வெளிவிட்ட மூச்சைச் சேகரித்து அளந்தார். ஓட்டம் நின்ற பிறகும் சிறிது நேரம் மூச்சு வாங்குவதற்கு அவர் வைத்த பெயர் 'ஆக்சிஜன் கடன்'. அந்தக் கணக்கில் பின்னாளில் திருத்தங்கள் வந்துவிட்டன.

லாக்டிக் அமிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மறுநாள் படி இறங்கும்போது தொடை வலித்தால், "லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு" என்று ஜிம்மில்கூடச் சொல்லிவிடுவார்கள். சர்க்கரையை அப்படி வேகமாக உடைக்கும்போது சேரும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடம்பில் இருக்கும் வடிவம்) ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் வழக்கமான அளவுக்கு இறங்கிவிடுகிறது. அது கழிவும் அல்ல. இதயமும் மற்ற தசைகளும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன என்பதை 1980-களில் கலிபோர்னியாவின் உடலியங்கியல் அறிஞர் ஜார்ஜ் புரூக்ஸ் விளக்கினார். ஒன்றிரண்டு நாள் கழித்து உச்சத்துக்குப் போகும் அந்த வலி, பழக்கமில்லாத வேலையால் தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவையும் அதைத் தொடரும் அழற்சியையும் சார்ந்தது. சில நாளில் தானே தணியும். அடுத்த முறை அதே அளவு ஓடினால் அவ்வளவு வலிக்காது.

சரி, எவ்வளவு வேகத்தில் ஓடுவது? நீங்கள் நினைப்பதைவிட மிகவும் மெதுவாக. இதற்கு நியூசிலாந்தின் ஓட்டப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. ஆக்லாந்தில் ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். அந்தப் பயிற்சியின் அடித்தளம், மாதக்கணக்கில் மூச்சு திணறாமல் ஓடும் நீண்ட ஓட்டங்கள். அதே முறையை அவர் ஊரிலுள்ள நடுத்தர வயதுக்காரர்களுக்கும், மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 1962-இன் இறுதியில் அங்கே போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், அவர்களோடு சேர்ந்து ஓடிப் பார்த்து, எழுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கினார். ஊர் திரும்பியவர் ஆரிகனில் மெதுவோட்ட வகுப்புகளைத் தொடங்கினார். அமெரிக்காவில் ஜாகிங் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

வேகத்தை அளக்க வாட்ச் தேவையில்லை. ஓடிக்கொண்டே ஒரு குறளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஏழு சீரும் இடையில் மூச்சு அறுபடாமல் வந்தால் வேகம் சரி. "அகர முதல" என்றதுமே காற்றை இழுக்க வேண்டியிருந்தால் குறையுங்கள், தேவைப்பட்டால் நடங்கள். பேசுவதென்பது மூச்சை நிறுத்தி நிதானமாக வெளிவிடும் வேலை. கார்பன் டை ஆக்சைடு குவியத் தொடங்கிவிட்டால் மூளை அந்த நிதானத்தை அனுமதிக்காது. ஆகவே பேச்சு தடுமாறும் இடம்தான் உங்கள் இன்றைய வரம்பு. மூச்சுக்காற்றை அளக்கும் ஆய்வகச் சோதனை காட்டும் வரம்பும் ஏறக்குறைய அங்கேதான் விழுகிறது.

இப்படி வாரத்துக்கு மூன்று நாள் ஓடினால் மாற்றங்கள் வரிசையாக வரும். முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தைத் தள்ள முடிகிறது. பயிற்சி இல்லாதவருக்கு ஓய்வில் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர். அது கூடக் கூட, அதே வேலையைக் குறைந்த துடிப்பில் முடித்துவிடுகிறது. தசையில் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1967-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹாலொஸி, எலிகளை டிரெட்மில்லில் பல வாரம் ஓடவிட்டு அவற்றின் கால் தசைகளைப் பார்த்தார். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் மைட்டோகாண்ட்ரியத் திறன் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. அவை என்ஜினோடு பிறக்கவில்லை, ஓடி ஓடி என்ஜினைக் கட்டிக்கொண்டன. மனிதர்களுக்கும் இந்தத் திறன் பயிற்சியால் கூடுகிறது.

ஆனால் எலும்புக்கும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கும் இந்த வேகம் கிடையாது. இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் ஆர்வமுள்ளவர்கள் காயப்படுகிறார்கள். ஓட்டத்தில் ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல 2 முதல் 3 மடங்கு விசை காலில் விழுகிறது. எலும்பு அதற்கேற்பத் தன்னை மாற்றிக் கட்டிக்கொள்ளும். அதற்கு முதலில் பழைய பகுதியைக் கரைக்கிறது. சில வாரம் ஆகும். புதிய எலும்பை நிரப்ப மாதக்கணக்காகும். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்பைவிட வலுக் குறைந்திருக்கும். நான்காவது, ஐந்தாவது வாரத்தில் மூச்சு சீராகி, "இனிமே எவ்வளவு வேணும்னாலும் ஓடலாம்" என்று மனம் சொல்லும் நேரமும் இதுவே. மூச்சை நம்பி தூரத்தைத் திடீரென்று கூட்டாதீர்கள். அந்த உற்சாகத்தை அடக்குவது கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் அடக்கத்தான் வேண்டும்.

"ஓடினா முட்டி தேஞ்சுடும்" என்ற எச்சரிக்கை வீட்டில் நிச்சயம் வரும். பல ஆய்வுகளைச் சேர்த்து 2017-இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் உடற்பயிற்சிக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுபவர்களில் 13.3 சதவீதம். ஓட்டம்தான் மூட்டைக் காத்தது என்று இதிலிருந்து நிரூபணமாகாது. மிதமான ஓட்டம் மூட்டைத் தேய்க்கிறது என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லலாம். ஏற்கெனவே முட்டி வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. அடிகளைச் சற்றுச் சின்னதாக, அடிக்கடி வைத்தால் முழங்காலுக்கு வரும் சுமை குறையும்.

சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் ஓடுபவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தசை செலவழிக்கும் ஆற்றலில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வெப்பமாகத்தான் போகிறது. அதை இறக்குவது வியர்வை. வழிந்து சொட்டும் வியர்வையால் பயனில்லை, ஆவியாகும் வியர்வைதான் குளிர்விக்கும். காற்றில் ஈரம் மிகுந்த மே மாதக் காலையில் அது ஆவியாவதே சிரமம். உடம்பு கூடுதல் ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, தசைக்குப் போவதில் பங்கு குறைகிறது, அதே வேகத்துக்கு இதயம் அதிகம் துடிக்கிறது. டிசம்பரில் ஓடிய வேகம் மே மாதத்தில் வராவிட்டால் வருத்தப்பட வேண்டாம். 10 முதல் 14 நாளில் உடம்பு வெயிலுக்குப் பெருமளவு பழகிவிடும்.

தொடங்குவதற்கு இது போதும்: 5 நிமிடம் நடை, பிறகு 1 நிமிடம் மெதுவோட்டம், 2 நிமிடம் நடை என மாறி மாறி 20 நிமிடம். நடுவில் நடப்பதைக் குறைவாக நினைக்காதீர்கள். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே, 1974 முதல் புதியவர்களுக்கு இந்த ஓட்டமும் நடையும் கலந்த முறையைத்தான் சொல்லிக்கொடுத்தார். அதிலேயே மாரத்தான் முடித்தவர்கள் ஏராளம். இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். முதல் சில மாதம் ஓடும் நேரத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், வேகத்தைத் தொடாதீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு இருப்பவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஓடும்போது நெஞ்சில் வலியோ இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டுச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

கால் வலிகளில் ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். கெண்டைக்கால் முழுக்கப் பரவி, இரண்டு நாளில் தணியும் வலி சாதாரணமானது. முன்னங்கால் எலும்பில், விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலித்து, ஒவ்வொரு ஓட்டத்திலும் கூடிக்கொண்டே போனால், அது எலும்பில் விழும் மெல்லிய விரிசலாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், எம்ஆர்ஐயில் தெரியும். ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். அவர் அனுமதித்தால் எலும்பு ஆறும்வரை நீச்சலோ சைக்கிளோ போகலாம். இதயமும் தசையும் அதுவரை சேர்த்ததைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொள்ளலாம்.