கடலிலிருந்து எழும் ஸ்காண்டிநேவியா

சுவீடனின் வடக்கே, அந்நாட்டுக்கும் பின்லாந்துக்கும் இடையே உள்ள போத்னியா வளைகுடாவின் கரையில் லூலியோ என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. 1621இல் அதை நிறுவிய இடம் வேறு. முப்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை, துறைமுகத்தில் ஆழம் போதாமல் போய்விட்டது. 1649இல் ஊரையே சுமார் 10 கிலோமீட்டர் தள்ளிக் கடலோரத்துக்கு மாற்றினார்கள். பழைய ஊரின் கல் தேவாலயமும் அதைச் சுற்றிய மரவீடுகளும் இன்றும் அங்கேயே நிற்கின்றன, கடலை விட்டு விலகி.

கடல் எங்கே போனது? இந்தக் கேள்வியை விடாமல் துரத்தியவர், வெப்பநிலை அளவுக்குப் பெயர் தந்த அதே ஆண்டர்ஸ் செல்சியஸ். அவர் தேடிப்போன சான்று எனக்கு மிகவும் பிடித்தது: சீல் எனும் கடல்நாய்களை வேட்டையாடும் பாறைகள். தண்ணீருக்குச் சற்றே மேலே தெரியும் பாறையில்தான் சீல்கள் ஏறிப் படுக்கும். அப்படிப்பட்ட பாறை ஒரு சொத்து, அதற்குப் பத்திரம் உண்டு. பாறை உயர்ந்துவிட்டால் சீல் ஏறாது, மதிப்பும் போய்விடும். பழைய ஆவணங்களைப் பார்த்தே நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது என்று அவர் கணக்கிட்டார். 1731இல் யாவ்லே நகருக்கு அருகே ஒரு பாறையில் நீர்மட்டத்தைக் குறித்துச் செதுக்கியும் வைத்தார். அந்தக் கோடு இப்போது கடலுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் மேலே இருக்கிறது.

கடல்நீர் வற்றுகிறது என்றே செல்சியஸ் நினைத்தார். ஆனால் நீர் குறைந்தால் எங்கும் ஒரே அளவில் அல்லவா குறைய வேண்டும்? வடக்கே வேகமாக இறங்குகிறது, தெற்குமுனையில் அநேகமாக மாற்றமே இல்லை. அப்படியென்றால் நகர்வது நிலம்தான்.

சரி, நிலம் ஏன் எழ வேண்டும்? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் சுவீடனும் நார்வேயும் அடங்கிய இந்த ஸ்காண்டிநேவியத் தீபகற்பம் முழுவதையும் பனிப்பாளம் மூடியிருந்தது. நடுவில் அதன் தடிமன் 3 கிலோமீட்டர்வரை இருந்தது. புவிமேலோட்டுக்குக் கீழே உள்ள கவசம் எனும் அடுக்கும் பாறைதான். என்றாலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழுத்தினால் மெல்ல நகர்ந்து விலகும். பனியின் அடர்த்தி அந்தப் பாறையின் அடர்த்தியில் நாலில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். ஆகவே 3 கிலோமீட்டர் பனி, போதிய காலம் கிடைத்தால், நிலத்தை ஏறத்தாழ 800 மீட்டர் அமிழ்த்திவிடும். மூட்டையை இறக்கினால் தோணி மேலெழுவதுபோல், பனி உருகியதும் நிலம் எழத் தொடங்கியது. தோணி சட்டென்று எழும். இங்கே விலகிப்போன பாறை திரும்பி ஊர்ந்து வர வேண்டும். பனி போய் ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் ஆகியும் போத்னியா வளைகுடாவின் வடபகுதியில் நிலம் ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர் அளவுக்கு உயர்கிறது.

சுவீடனின் 'உயர்ந்த கரை' பகுதியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அங்குள்ள ஸ்கூலே மலையின் உச்சியில் மண்ணும் மரங்களும் தொப்பிபோல் இருக்கின்றன, அதற்குக் கீழே வெறும் பாறை. ஒரு காலத்தில் அலைகள் அதுவரை மண்ணைக் கழுவிச் சென்றன. அந்தப் பழைய கரை இன்று 286 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 800 எங்கே, 286 எங்கே என்று தோன்றும். பனி மெலியத் தொடங்கியபோதே நிலமும் எழத் தொடங்கிவிட்டது. அந்த உயர்வு பனிக்கடியில் நடந்ததால் அலை தொட்டுக் கரையாகப் பதியவில்லை.

தீபகற்பத்தின் அடித்தளப் பாறைகளோ இதைவிட எவ்வளவோ பழையவை. கிழக்கே நூறு கோடி ஆண்டுகளைத் தாண்டிய கேடயப் பாறை, அதாவது கண்டத்தின் பழைய, உறுதியான அடித்தளம். மேற்கே, சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு கண்டங்கள் மோதி மடிந்த மலைத்தொடர். நார்வேயின் ஃபியோர்டுகள் அந்த மலைகளைப் பனியாறுகள் குடைந்து, பின் கடல் புகுந்த பள்ளங்கள். சோக்னே ஃபியோர்டின் ஆழம் 1,300 மீட்டர்.

இப்போது கடல்மட்டமும் உயர்கிறது. தெற்கே கடல் முந்துகிறது, வடக்கே இன்னும் நிலம்தான் முந்துகிறது. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே உள்ள குவார்க்கன் நீரிணை ஆழமில்லாதது, அங்கே ஆண்டுதோறும் புதுத் திட்டுகள் தலைகாட்டுகின்றன. இதே போக்கு நீடித்தால் சில ஆயிரம் ஆண்டுகளில் இரு கரைகளும் சேர்ந்து, வளைகுடாவின் வடபகுதி ஓர் ஏரியாகிவிடும்.