விபத்தில் காயம்: இழப்பீட்டுத் தொகை எப்படி முடிவாகிறது?

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு ஊனச் சான்றிதழ் வந்ததும் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை பர்சென்ட் போட்டிருக்காங்க?" என்பதுதான். அந்த எண்ணை வைத்தே பணம் வரும் என்று நினைக்கிறார்கள். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமோ, அந்த ஊனம் உங்கள் பிழைப்பை எவ்வளவு கெடுத்திருக்கிறது என்றுதான் பார்க்கும். உச்ச நீதிமன்றம் 2010-இல் இதை விளக்கமாகவே சொன்னது. இடது கையை இழந்தவர் ஓட்டுநரோ தச்சரோ என்றால், வருமானம் மொத்தமும் போனதாகக் கொள்ளலாம். அதே கையை இழந்த அரசு எழுத்தர் பழைய வேலையிலேயே நீடித்தால், வருமான இழப்பு என்று எதுவும் கிடைக்காமலும் போகலாம். அதற்குப் பதில், வாழ்க்கை வசதிகளை இழந்ததற்கான தொகை அவருக்குக் கிடைக்கலாம்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சென்ட்ரிங் வேலை பார்க்கும் 34 வயதுக்காரர். லாரி மோதியதில் வலது முழங்கால் மடங்கவில்லை. மாத வருமானம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில், கூலி வேலை பார்ப்பவர் 40 வயதுக்குக் கீழே இருந்தால், பிற்காலத்தில் வருமானம் கூடும் என்பதற்காக 40 சதவீதம் சேர்ப்பார்கள். ஆக மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பதற்கு வயதுவாரியாக ஒரு எண் உண்டு; அவர் வயதுக்கு அது 16. மொத்தம் 40,32,000.

இப்போது சதவீதம். சான்றிதழில் காலுக்கு 40, முழு உடலுக்கு 20 என்று இருந்தால், 20-ஐ அப்படியே எடுக்கும்போது வருவது 8,06,400. சாரத்தில் ஏற முடியாததால் சம்பாத்தியத்தில் பாதி போய்விட்டது என்று தீர்ப்பாயம் ஏற்றால் 20,16,000. சான்றிதழ் ஒன்றுதான், தொகையில் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசம்!

அதனால் மருத்துவர் சாட்சி சொல்லும்போது சதவீதத்தோடு நிறுத்தாமல், குந்த முடியுமா, ஏணி ஏற முடியுமா, பாரம் தூக்க முடியுமா என்பதையும் பதிய வைக்க வேண்டும். வேலை கொடுத்த மேஸ்திரியின் சாட்சியம், கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, பேங்க் பாஸ்புக் எல்லாம் இங்கேதான் உதவும். வருமானத்துக்கு ஆதாரம் இல்லையென்றால் தீர்ப்பாயமே உத்தேசமாக ஒரு தொகையை எடுத்துக்கொள்ளும். அது நீங்கள் நிஜமாகச் சம்பாதித்ததைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

அப்புறம் மற்ற தலைப்புகள்: மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்தான உணவு, உடனிருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, படுக்கையில் கிடந்த நாட்களின் கூலி, வலி வேதனை. காலில் வைத்த பிளேட்டைப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தால், அந்த ஆபரேஷன் செலவையும் இப்போதே கேட்டுவிட வேண்டும். மருந்துக்கடை பில்லில் நோயாளியின் பெயர் இருக்கட்டும். இறப்பு வழக்கில் இறந்தவரின் சொந்தச் செலவுக்கென்று ஒரு பங்கைக் கழிப்பார்கள். காய வழக்கில் அந்தக் கழிவு கிடையாது. ஆள் உயிரோடு இருக்கிறார், சாப்பிட வேண்டுமே.

விபத்தில் உங்கள் பக்கமும் தவறு இருந்தால் அந்த அளவுக்குத் தொகை குறையும். மறுபக்கம், நீங்கள் மனுவில் கேட்டதைவிடக் கூடுதலாகக் கொடுக்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு.

ஒன்றில் மட்டும் அவசரப்படக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில், யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் கிடைக்கும். சின்னக் காயத்தோடு வேலைக்குத் திரும்பியவருக்கு அந்தப் பிரிவே பொருந்தாது. எலும்பு முறிந்தவருக்குப் பொருந்தும். ஆனால் அந்தப் பணத்தை ஏற்றுக்கொண்டால், மேலே கணக்குப் போட்ட முழு இழப்பீட்டுக்காக 166-ஆம் பிரிவில் போட்ட பெரிய மனு காலாவதியாகிவிடும். மேலே சொன்ன சென்ட்ரிங் தொழிலாளி அதை வாங்கினால் அவருக்கு எவ்வளவு நஷ்டம் என்று பாருங்கள்.

166-இல் மனுப் போட 2019 திருத்தத்தின்படி ஆறு மாதம்தான் கெடு. விபத்து நடந்த ஊருக்கே அலைய வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம்.