பொத்து: வடக்குப் பின்லாந்தின் உருளைக்கிழங்கு

பின்னிய மொழி அகராதியில் உருளைக்கிழங்குக்குப் ‘பெருனா’ என்று போட்டிருக்கும். வடக்கே ஓவுலு, லாப்லாந்து பக்கம் போனால் வீட்டில் புழங்கும் சொல் ‘பொத்து’. மசித்த கிழங்குக்கு அங்கே ‘பொத்துவொய்’ என்று பெயர். ‘வொய்’ என்றால் வெண்ணெய். பின்னியக் கதையைத் தமிழாக்கும்போது இந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் தர நேர்ந்தால், ‘பொட்டு’ என்று எழுதிவிடக் கூடாது. நெற்றிப் பொட்டு நினைவுக்கு வரும், ஒலிப்பும் ‘த்து’வுக்கே நெருக்கம்.

முதலில் பெருனாவைப் பார்த்துவிடுவோம். 1730களில் தெற்குக் கடலோரத்தில் இந்தக் கிழங்கு பின்லாந்துக்கு வந்தபோது, நாடு சுவீடன் ஆட்சியில் இருந்தது. சுவீடியர்கள் இதற்கு ‘மண் பேரிக்காய்’ என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ‘மண்’ உதிர்ந்து, பேரிக்காயைக் குறிக்கும் ‘பேரோன்’ மட்டும் நின்றது. அதுதான் பின்னியர் வாயில் பெருனா ஆனது. உண்மையான பேரிக்காய்க்கும் அதே ‘பேரோன்’ தனியாகக் கடனாக வந்து ‘பேரினா’ ஆயிற்று. இன்று பின்லாந்துச் சந்தையில் கிழங்கும் பழமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகப் பெயர் தாங்கி உட்கார்ந்திருக்கின்றன. எனக்கு இந்தச் சொல்வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பொத்துவின் வழி வேறு. சுவீடிய ‘பொத்தாத்திஸ்’ குடும்பத்தின் நறுக்கிய வடிவம் அது. மேலே போனால் ஸ்பானிய ‘பட்டாட்டா’, அதற்கும் மேலே கரீபியத் தீவுகளின் ‘பத்தாத்தா’. நம் பக்கத்து மராத்தியர் போர்ச்சுகீசியர் வழியாகப் பெற்ற ‘பட்டாட்டா’வும் இதே கொடியில் காய்த்தது. சிங்கள ‘அர்த்தாபல்’ டச்சுக்காரர்களின் ‘மண் ஆப்பிள்’. பெருனாவைப் போலவே அதுவும் பழத்தை மண்ணுக்குள் தேடிய பெயர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ் கடன் வாங்கவில்லை. உருண்டிருப்பதைப் பார்த்து ‘உருளைக்கிழங்கு’ என்றது. பெருனா, பொத்து இரண்டுக்கும் அதுவே போதும். கதையில் வடக்குப் பின்லாந்துக்காரர் பேசும் இடத்தில் மட்டும் ‘உருளக்கிழங்கு’ என்று பேச்சு வடிவில் விட்டால் பொத்துவின் வீட்டு வாசம் கொஞ்சம் வரும்.

‘பொத்துத் பொத்துஇனா’ என்ற மரபுத்தொடர் வந்தால் கவனம். ‘கிழங்குக்குக் கிழங்காக’த் திருப்பிக் கொடுப்பது என்பது அதன் நேர்ப்பொருள். அங்கே கிழங்கை விட்டுவிட்டு, ‘பதிலுக்குப் பதில்’ என்று எழுதுவதே சரி.