வௌவால் குடலில் பாக்டீரியா இருக்கிறது, அதற்காக மரத்தை வெட்டுவதா?

வௌவால் குடலில் வாழும் பாக்டீரியாவை ஆராய்வதற்காக, ஓர் ஊரில் பழந்தின்னி வௌவால்களின் எச்சத்தைச் சேகரித்துவிட்டு வந்தோம். அடுத்த வாரமே அவை தொங்கிய மருதமரத்தின் கிளைகளை ஊர்க்காரர்கள் வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். "நீங்களே மாஸ்க், கையுறையோடதானே வந்தீங்க? பாக்டீரியா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று பதில் வருகிறது. இது முதல் ஊரும் இல்லை.

சொன்னோம்தான். உங்கள் குடலிலும் என் குடலிலும்கூடத்தான் இருக்கிறது. தயிரை உறைய வைப்பதும் தோசை மாவைப் புளிக்க வைப்பதும் பாக்டீரியாதான். வௌவால் என்றதும் நீங்கள் பயப்படுகிற, 2018-ல் கோழிக்கோட்டில் பரவிய நிபா பாக்டீரியா இல்லை, ஒரு வைரஸ். பாக்டீரியா தானே தின்று தானே பெருகும் தனி உயிர். வைரஸோ இன்னொரு உயிரணுவுக்குள் புகுந்தால்தான் பெருகும். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. நாங்கள் எச்சத்தில் படிப்பது பாக்டீரியாவின் மரபணுவை மட்டும். அந்த எச்சத்தில் நிபாவே இருந்தாலும் எங்கள் சோதனையில் தெரியாது. ஆகவே "நிபா ரிசல்ட் வந்துடுச்சா?" என்று தயவுசெய்து எங்களுக்கு போன் போடாதீர்கள்.

மாஸ்க் எங்கள் பாதுகாப்புக்கும்தான், மறுக்கவில்லை. ஆனால் என் வாயிலும் தோலிலும் இருப்பது எச்சத்தில் விழுந்தால், ஆய்வகத்தில் நான் வௌவாலைப் படிக்க மாட்டேன், என்னையே படித்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் இருட்டோடு போய்ப் புது பாலித்தீன் விரிப்பதும், விழுந்த சூட்டில் எச்சத்தின் மேல்பகுதியை மட்டும் வழித்துக் குளிர்ப்பெட்டியில் வைப்பதும். ஈ உட்கார்ந்துவிட்டால் அதையும் தொடுவதில்லை.

ஆஸ்திரேலியாவின் சாம்பல்தலைப் பழந்தின்னி வௌவால்களிடம் ஆன்டிபயாடிக்குக்கு மசியாத ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா இருப்பது தெரியவந்திருக்கிறது. காட்டு வௌவாலுக்கு மாத்திரை கொடுத்தது யார்? அனேகமாக நம்மிடமிருந்து போனதுதான். யார் யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டுமோ!

அதே நாட்டில், இரை கிடைக்காமல் நெருக்கடியில் இருக்கும் வௌவால்கள், குதிரை வழியாக மனிதருக்கும் தொற்றக்கூடிய ஹெண்ட்ரா வைரஸை அதிகம் வெளியேற்றுவதையும் கண்டிருக்கிறார்கள். மரத்தை வெட்டியும் வெடி போட்டும் விரட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? வௌவால் கடித்துப் போட்ட பழத்தைக் கழுவிக்கூடத் தின்னாதீர்கள். பதநீர்ப் பானையின் வாயை மூடிக் கட்டுங்கள். பழைய வீட்டுப் பரணில் காய்ந்த எச்சத்தை வறட்டுத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். அதில் வளரும் பூஞ்சை நுரையீரலுக்குப் போகும். தண்ணீர் தெளித்து, மாஸ்க் போட்டு அள்ளுங்கள். கீழே விழுந்த குட்டியைப் பிள்ளைகள் வெறுங்கையால் எடுக்க விடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

அப்புறம், இளைப்புக்கு வௌவால் கறி நல்லது என்கிறவர்களுக்கு: நல்லதில்லை. அடித்து, உரித்து, ரத்தத்தில் கை நனைக்கிற அந்த வேலையைவிட ஆபத்தான நெருக்கம் வேறு இல்லை. எச்சத்துக்குப் பயந்து மரத்தை வெட்டுகிற ஊரிலேயே இதுவும் நடக்கிறது. இளைப்பு இருந்தால் இன்ஹேலரை ஒழுங்காக எடுங்கள்.