பழைய சிலபஸ் வேண்டுமா? கவுன்டரில் கெஞ்ச வேண்டாம்

வெளிநாட்டில் தொழில் பதிவு, அரசு வேலைக்குப் பட்ட இணைத்தன்மை, வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுதல் என்று எதற்குப் போனாலும், படித்த காலத்துப் பாடத்திட்டத்தின் சான்றிட்ட நகலைக் கேட்கிறார்கள். பல்கலைக்கழக இணையதளத்தில் இருப்பது இன்றைய சிலபஸ். பழையது இருந்த பக்கம் தளத்தைப் புதுப்பித்தபோது காணாமல் போயிருக்கும். நேரில் போனால் கல்லூரியைக் கேள் என்பார்கள். கல்லூரியில் யுனிவர்சிட்டியைக் கேள் என்பார்கள். இரண்டு பக்கமும் வாயால் சொல்வதோடு சரி, எழுத்தில் எதுவும் தருவதில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ) 2005, பிரிவு 4இன்படி பொது அதிகார அமைப்புகள், அதாவது அரசு அலுவலகங்கள், அரசுப் பல்கலைக்கழகங்கள் போன்றவை, தங்கள் விதிகளையும் நெறிமுறைகளையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும். இணையத்திலும் போட வேண்டும். போடவில்லை என்றால் பிரிவு 6இன் கீழ் நீங்கள் கேட்கலாம். பிரிவு 2(ஜே)இன்படி 'சான்றிட்ட நகல்' பெறுவதும் இந்த உரிமையில் அடக்கம். சட்டத்தில் இவ்வளவு தெரிந்தால் போதும். சிக்கல் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில், எந்த ரெகுலேஷன், அதாவது பல்கலைக்கழகம் எந்த ஆண்டு வகுத்த பாடத்திட்ட விதித்தொகுப்பு, என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பாதி விண்ணப்பங்கள் இங்கேயே சொதப்புகின்றன. படித்து முடித்த ஆண்டைப் போட்டுக் கேட்டால் தவறான சிலபஸ் கைக்கு வரும். சேர்ந்த ஆண்டில் எது நடப்பில் இருந்ததோ அதைத்தான் கேட்க வேண்டும். அரியர் எழுதித் தாமதமாக முடித்தவர்களும், இடையில் நின்று மறுபடி சேர்ந்தவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மறுபடி சேர்ந்தவர்களைப் புதிய ரெகுலேஷனுக்கு மாற்றியிருக்கலாம். மதிப்பெண் பட்டியலில் உள்ள பாடக் குறியீட்டைப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2017 ரெகுலேஷனில் கணினிப் பிரிவின் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடம் சிஎஸ் 8391. 2021 ரெகுலேஷனில் சிஎஸ் 3301. பாடத்தின் பெயர் ஒன்றுதான், பாடத்திட்டம் வேறு. அதனால் விண்ணப்பத்தில் பாடப் பெயரை மட்டும் எழுதாமல் குறியீட்டையும் எழுதுங்கள்.

அடுத்தது, யாரிடம் கேட்பது? இணைப்புக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகம். அட்டானமஸ் (தன்னாட்சி) கல்லூரி என்றால் பாடத்திட்டத்தை வகுத்தது கல்லூரி. அரசுக் கல்லூரியானால் நேராக அங்கேயே போடலாம். அரசின் கணிசமான நிதியில் நடக்கும் உதவிபெறும் கல்லூரியும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்பது 2019இல் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாட்டிக்கொள்பவர்கள் சுயநிதி அட்டானமஸில் படித்தவர்கள். 'எங்களுக்கு ஆர்டிஐ பொருந்தாது' என்று கல்லூரி கையை விரித்துவிடும். அங்கே மல்லுக்கட்டி நாளை ஓட்டாதீர்கள். பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம். கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் அதன் பிரதிநிதியும் உண்டு. ஒரு தனியார் அமைப்பிடமிருந்து பொது அதிகார அமைப்பு சட்டப்படி பெறக்கூடிய தகவலும் 'தகவல்'தான் என்கிறது பிரிவு 2(எஃப்). அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுப் பல்கலைக்கழகத்தையே கேளுங்கள்.

அண்ணா பல்கலைக்கழகம் 2007 தொடங்கிப் பல பல்கலைக்கழகங்களாகப் பிரிந்து 2012இல் மீண்டும் ஒன்றானது. நடுவில் கோவை, திருச்சி, திருநெல்வேலி பெயர்களில் சேர்ந்தவர்களுக்கு, 'அது எங்கள் ரெக்கார்டு இல்லை' என்ற பதில் வரக்கூடும். அந்த அமைப்பின் ஆவணங்கள் இப்போது எந்த அலுவலகத்தில் உள்ளன என்பதையும் அதே விண்ணப்பத்தில் ஒரு கேள்வியாகச் சேர்த்துவிடுங்கள். வேறு அதிகார அமைப்பிடம் இருக்குமானால் 5 நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்புவது பிரிவு 6(3)இன்படி அவர்கள் பொறுப்பு.

விண்ணப்பத்துக்குத் தனிப் படிவம் தேவையில்லை. வெள்ளைத்தாளில், தமிழிலேயே, 'பொதுத் தகவல் அலுவலர்' என்று பதவியைப் போட்டு எழுதலாம். கேள்வி இப்படி இருக்கட்டும்:

"இளநிலைப் பொறியியல் (கணினி அறிவியல்), ரெகுலேஷன் 2008, 1 முதல் 8 பருவம் வரையிலான முழுப் பாடத்திட்டத்தின் சான்றிட்ட நகல், பக்கத்துக்குப் பக்கம் கையொப்பம், முத்திரையுடன் வேண்டும். இது இணையத்தில் வெளியிடப்பட்டிருந்தால் அதன் முழு முகவரியைத் தரவும்."

'ஏன் வெளியிடவில்லை?', 'என் பாடத்தையும் புதிய பாடத்தையும் ஒப்பிட்டுத் தரவும்' என்றெல்லாம் எழுதினால் அதையே காரணமாக்கித் தள்ளுபடி செய்வார்கள். கையில் இருக்கும் ஆவணத்தைத் தருவதுதான் அவர்கள் கடமை. புதிதாக ஒன்றைத் தயாரித்துத் தர வேண்டியதில்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்றும் எழுதாதீர்கள். அதைக் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை, பிரிவு 6(2) பாருங்கள். இந்தியக் குடிமகனா என்பது மட்டும் முக்கியம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் தன் பெயரில் போட்டால் செல்லாது. இங்குள்ள உறவினர் தன் பெயரில் கேட்கலாம். பாடத்திட்டம் தனிப்பட்ட தகவல் இல்லை என்பதால் யார் கேட்டாலும் தந்தாக வேண்டும்.

தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளத்தில் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடாதீர்கள். திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணமும் வராது. தபாலில் ஒப்புகை வரும்படி அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கவுன்டரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்காமல் நகராதீர்கள். 'வெச்சுட்டுப் போங்க, பார்க்கிறோம்' என்பது பதிவு அல்ல.

நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 150 பக்கம் வந்தால் 300 ரூபாய். 'அட்டெஸ்டட் சிலபஸுக்கு எங்கள் கட்டணம் தனி, ஆயிரக்கணக்கில் கட்டு' என்றால், 2019இல் கம்பெனிச் செயலர்கள் நிறுவனத்துக்கும் பரஸ் ஜெயினுக்கும் நடந்த வழக்கைச் சொல்லுங்கள். நிறுவனத்துக்கு எனத் தனிக் கட்டண விதி இருந்தாலும், ஆர்டிஐயில் கேட்பவருக்கு ஆர்டிஐ கட்டணம்தான் என்று உச்ச நீதிமன்றம் அதில் தீர்ப்பளித்தது. பதிப்புரிமை என்றொரு சாக்கும் வரும். அரசு அல்லாத ஒருவரின் பதிப்புரிமை மீறப்பட்டால் மட்டுமே பிரிவு 9இல் மறுக்கலாம். பல்கலைக்கழகத்தின் சொந்தப் பாடத்திட்டத்துக்கு அது பொருந்தாது. 'வெப்சைட்டில் இருக்கிறது' என்று ஒரே வரியில் பதில் வந்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து, அது இல்லாததைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேல்முறையீட்டுக்கு அது உதவும்.

காலக்கெடு 30 நாள். கடைசி வாரத்தில் 'பக்கக் கட்டணம் கட்டுக' என்று கடிதம் வருவது வாடிக்கை. அந்தக் கடிதம் அனுப்பிய நாளுக்கும் நீங்கள் பணம் கட்டும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் 30 நாள் கணக்கில் சேராது. அதனால் கடிதம் கிடைத்த அன்றே கட்டிவிடுங்கள். 30 நாள் தாண்டிவிட்டால் பிரிவு 7(6)இன்படி நகல் இலவசம். பிறகும் பணம் கேட்டால் இந்தப் பிரிவைச் சுட்டி எழுதுங்கள்.

பதிலே வராவிட்டால் அது மறுப்புக்குச் சமம். அடுத்த 30 நாளுக்குள் அதே பல்கலைக்கழகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அவர் 30 நாளில், மிஞ்சினால் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதற்குப் பின் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. கோபத்தில் 'புகார் மனு' என்று தலைப்பிட்டுவிடாதீர்கள். பிரிவு 18 புகாரில் அலுவலருக்கு அபராதம் விழலாம், நாளுக்கு 250, அதிகபட்சம் 25,000 ரூபாய். ஆனால் சிலபஸ் கைக்கு வராது. தகவலைத் தரும்படி உத்தரவு வேண்டுமானால் பிரிவு 19(3) மேல்முறையீடுதான் வழி. 2011இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

இதையெல்லாம் தொடங்குமுன், உங்களிடம் சிலபஸ் கேட்ட அமைப்பின் நிபந்தனையை ஒரு முறை படியுங்கள். பல்கலைக்கழகமே முத்திரையிட்ட உறையில் நேரடியாக அனுப்ப வேண்டும் என்று இருந்தால், ஆர்டிஐ நகலை அவர்கள் ஏற்க மாட்டார்கள். அப்போது தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் முறைப்படி பணம் கட்டித்தான் ஆக வேண்டும். 'அந்தப் பழைய சிலபஸ் எங்களிடம் இல்லை' என்று அங்கே சொன்னால், ஆர்டிஐயில் வாங்கிய நகலை மேசையில் வைத்து, இதற்கு முத்திரை போடுங்கள் என்று கேளுங்கள்.