வெண்துணிச் சுவரில் வண்ணம் ஏறுவது எப்படி?

துபாயின் ஜுமைரா கடற்கரையை ஒட்டிய செயற்கைத் தீவில், 321 மீட்டர் உயரத்தில் நிற்கும் புர்ஜ் அல் அரப் விடுதி 1999 டிசம்பரில் திறக்கப்பட்டது. கரையைப் பார்த்திருக்கும் அதன் பாய்மர முகப்பு, டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணியை இரண்டு அடுக்காக இழுத்துக் கட்டிய சுவராகும். பகலில் வெயிலைத் தணித்து உள்ளே அனுப்பும் அந்தச் சுவரே இரவில் நிறம் மாறும் ஒளிக்குத் திரையாகிறது.

துணி இழுவிசையை மட்டுமே தாங்கும், அழுத்தினால் மடங்கிவிடும். எனவே இத்தகைய கட்டமைப்புகளில் துணியை முதலிலேயே விறைப்பாக இழுத்துப் பொருத்துவதோடு, பெரும்பாலும் குதிரைச் சேணம் போல ஒரு திசையில் மேல்நோக்கியும் அதற்குக் குறுக்கே கீழ்நோக்கியும் வளையுமாறு அமைக்கிறார்கள். காற்று அழுத்தும்போது ஒரு திசை இழைகளும், வெளியே உறிஞ்சும்போது மறுதிசை இழைகளும் சுமையை ஏற்பதால் துணி தொய்ந்து படபடப்பதில்லை. இதே வளைவினால் ஒளி விழும் கோணம் இடத்துக்கு இடம் மாறி, ஒரே நிறம் ஓரிடத்தில் அடர்ந்தும் வேறிடத்தில் வெளிறியும் தெரிகிறது.

இந்த அழகில் பெரும்பங்கு துணியின் வெண்மைக்கே உரியது என்பேன். புதிதாக வரும்போது பழுப்புச் சாயலில் இருக்கும் இத்துணி, வெயில் பட்டுப் பட்டு வெளுக்கிறது. வெண்பரப்பு எல்லா நிற ஒளியையும் ஏறத்தாழ ஒரே அளவில், எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால், எங்கிருந்து பார்ப்பவருக்கும் வண்ணம் தெரிகிறது. வழவழப்பான கண்ணாடிச் சுவராக இருந்தால், விழும் ஒளியில் பெரும்பகுதி உள்ளே ஊடுருவிவிட, எஞ்சியது ஒரே திசையில் தெறித்துப் போகும்.

முன்பு வெள்ளை விளக்கின் முன் வண்ண வடிகட்டிகளை நகர்த்தி நிறம் மாற்றினார்கள்; அதில் ஒளியின் பெரும்பகுதி வீணாகும். இன்றைய எல்.இ.டி. விளக்குகள் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் தனித்தனியே கட்டுப்படுத்துகின்றன. ஒவ்வொன்றுக்கும் 256 படிகள் இருந்தால் சுமார் 1.67 கோடிக் கலவைகள் கிடைக்கும். சிவப்பும் பச்சையும் சேர்ந்து விழும் இடத்தில் மஞ்சள் ஒளி சிறிதும் இல்லாதபோதும், நம் விழித்திரையின் கூம்பு செல்கள் அதை மஞ்சளாகவே உணர்கின்றன.

மூன்று விளக்குகளும் தள்ளித் தள்ளி இருந்தால், துணியின் முன் செல்லும் எஃகு வடத்தின் நிழலே வண்ணமயமாகிவிடும்: நீலம் மறைந்த கோடு மஞ்சளாகவும், சிவப்பு மறைந்த கோடு பசுநீலமாகவும் விழும். பின்னாலிருந்து ஒளியூட்டினால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் விளக்கு நெருங்கினால் வெளிச்சத் திட்டுகள் தோன்றும், துணிப்பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்புகளும் இருண்ட கோடுகளாகத் தெரியும். ஆகவே அந்த இணைப்புகள் எந்த வழியாக ஓட வேண்டும் என்பதை, துணியை வெட்டும் முன்பே ஒளி வடிவமைப்பாளரும் பொறியாளரும் சேர்ந்து முடிவு செய்வது நல்லது.